17 இன்ச் அலாய் போட்டபின் 7.2-லிருந்து 6.0: டயரா, காத்தா, கணக்கா?

யானைமலை அடிவாரம்

வணக்கம். ஒத்தக்கடையில் இருக்கிறேன், வண்டி நெக்ஸான் ஈவி, 40.5 யூனிட் பேட்டரி, இதுவரை 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாமனார் ஊர் தேனி என்பதால் மாதம் ஒரு தடவையாவது போய் வருவேன். போக வர 175 கி.மீ., ஒரே சார்ஜில் அலுங்காமல் முடியும். யூனிட்டுக்கு 7.2 கி.மீ. என்பது எனக்குக் கிட்டத்தட்ட கைவந்த கணக்கு, ஏசி போட்டு, 80-க்கு மேல் மிதிக்காமல்.

போன மாதம் பழைய டயர் தேய்ந்துவிட்டது என்று கடைக்குப் போனேன். மகன் கூட வந்தான், அதுதான் தப்பு. கம்பெனி அளவு 215/60 ஆர்16 (அகலம் 215 மி.மீ., ரப்பரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 16 இன்ச்). கடையில் "கிரெட்டா அளவு போடுங்க சார், 215/60 ஆர்17, வண்டி நிமிர்ந்து நிற்கும்" என்றார்கள், மகன் கறுப்பு அலாய் ஒன்றைக் காட்டி அங்கேயே நின்றுவிட்டான். போட்டாச்சு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதே தேனிப் பயணம், அதே வேகம், யூனிட்டுக்கு 6.0. திரும்பி வரும்போது செக்கானூரணி தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டு வியர்த்து வடிய வீடு வந்து சேர்ந்தேன். வெறும் ஒரு இன்ச் ரிம் இவ்வளவு தின்னுமா? பேட்டரியில் ஏதாவது கோளாறா?

உசிலம்பட்டி மாப்ள

பேட்டரி எல்லாம் ஒன்றும் ஆகியிருக்காது. அழகுக்குக் கப்பம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

திருநகர் வாத்தியார்

ஒரு இன்ச் ரிம் மட்டும் 17 சதவீதம் தின்னாது சார். ஆனால் முதலில் ஒரு விஷயம், உங்கள் மீட்டரே இப்போது சரியான கிலோமீட்டர் காட்டவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய அளவில் சக்கரத்தின் மொத்த விட்டம் 406.4 மி.மீ. ரிம், மேலும் கீழும் தலா 129 மி.மீ. ரப்பர், ஆக 664 மி.மீ. புதியதில் 431.8 உடன் 258 சேர்த்தால் 690. அதாவது 3.8 சதவீதம் பெரிய சக்கரம். வண்டி எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை, சாலையை அல்ல. சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. மீட்டரில் 100 ஓடினால் நிஜத்தில் 104 கிட்ட ஓடியிருப்பீர்கள்.

அதோடு நிற்கவில்லை. பழைய டயர் தேய்ந்திருந்தது என்கிறீர்களே, புது டயரில் 8 மி.மீ. தடம் (ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம்) இருக்கும், உங்களுடையதில் எவ்வளவு மிச்சம் இருந்தது? 3 மி.மீ. என்று வைத்தால் விட்டத்தில் 10 மி.மீ. காணாமல் போயிருக்கிறது. அப்போது மீட்டர் கூட்டிக் காட்டியிருக்கும். 654-க்கும் 690-க்கும் வித்தியாசம் 5.4 சதவீதம். உங்கள் 6.0 பழைய கணக்குப்படி 6.3. இதில் மின்சாரம் ஒரு பைசாகூட வீணாகவில்லை.

இப்படியே விட்டால் இன்னொன்றும் உண்டு, மீட்டர் 80 காட்டும்போது முன்பு ஓடியதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

யானைமலை அடிவாரம்

வாத்தியார் சார், இன்று காலை மேலூர் நான்குவழிச் சாலையில் கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தேன். 20 கல்லுக்கு மீட்டர் 19.3 காட்டுகிறது. நீங்கள் சொன்னது அச்சுப்பிசகாமல் இருக்கிறது. போன மாதம் முழுக்க இது தெரியாமல் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய டயர் வீட்டில்தான் இருக்கிறது, தடம் அளந்தேன், 3 மி.மீ.தான். ஆனாலும் 7.2-க்கு 6.3 என்றால் 12 சதவீதம் மிச்சம் இருக்கிறதே?

காளவாசல் டயர் பட்டறை

தம்பி, 22 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், உங்கள் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, ஆனால் மூன்று கேள்வி. ஒன்று, காத்து எவ்வளவு இருக்கிறது, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்த்தீர்களா? இரண்டு, அலைன்மென்ட் பார்த்தார்களா, வெறும் பேலன்சிங் மட்டும் செய்து அனுப்பினார்களா? மூன்று, டயர் என்ன ரகம்? பேர் வேண்டாம், கம்பெனியிலிருந்து வந்த டயர் மாதிரி மின்சார வண்டிக்கென்று, உருளும்போது இழுக்காத ரகமா, இல்லை பெட்ரோல் எஸ்யூவிக்குப் போடுகிற சாதா ரகமா?

நிறையக் கடைகளில் எல்லா வண்டிக்கும் 30-32 என்று கைப்பழக்கத்தில் அடித்துவிடுவார்கள். மின்சார வண்டி எடை கூடின வண்டி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருப்பதுதான் கணக்கு. அதிலும் வெயிலில் நின்ற வண்டிக்குப் பார்க்கக்கூடாது. 10 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறிவிடும். சித்திரை மதியத்தில் பங்க்கில் நின்று "35 இருக்கு சார்" என்று சொன்னால், மறுநாள் விடியற்காலை அது 31 ஆக இருக்கும்.

யானைமலை அடிவாரம்

அண்ணே, காலை 6 மணிக்குச் சொந்த கேஜில் பார்த்தேன். ஸ்டிக்கரில் இருப்பதைவிட நாலு சக்கரத்திலும் 6 குறைவு. நைட்ரஜன் என்று சொல்லித் தனியாகக் காசு வேறு வாங்கினார்கள். டயர் ரகம் சாதாதான், ஈவிக்கென்று எதுவும் எழுதவில்லை. அலைன்மென்ட் பார்த்ததாக பில்லில் இருக்கிறது.

காளவாசல் டயர் பட்டறை

நாம் சுவாசிக்கிற காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் தம்பி. அளவு சரியாக இருந்தால் எந்தக் காத்தும் நல்ல காத்துதான். சரி, 6 குறைவு என்றால் அது சாதாரணம் இல்லை. டயர் தரையைத் தொடும் இடத்தில் அதிகமாகச் சப்பையாகும்.

இதை எங்கள் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற விதம் வேறு. பரோட்டா மாவையும் ரப்பர் பந்தையும் அமுக்கிப் பாருங்கள். பந்து உடனே எழும், அமுக்கின பலத்தைத் திருப்பிக் கொடுக்கும். மாவு அப்படியே கிடக்கும், பலம் உள்ளேயே போய்விட்டது. ஒவ்வொரு டயரும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு 480 தடவை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இடமும் ஒரு தடவை அமுங்கி எழுகிறது. மாவுப்பக்கம் சாய்ந்த டயராக இருந்தால் அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாகப் போகும். தேனியிலிருந்து வந்து இறங்கியதும் டயரில் கை வைத்துப் பாருங்கள், அந்தச் சூடு உங்கள் பேட்டரியிலிருந்து வந்தது.

1992-இல் மிஷெலின் ரப்பரில் கரித்தூளுக்குப் பதிலாகப் பெரும்பங்கு சிலிக்கா கலந்து கொண்டுவந்தது இந்த வேலைக்குத்தான். பந்துப்பக்கம் சாயும், அதே நேரம் ஈரத்தில் பிடிமானமும் போகாது. இப்போது எல்லாக் கம்பெனியும் அதைச் செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்பதில்தான் விலை.

திருநகர் வாத்தியார்

அண்ணன் சொன்னதற்கு எண் கொடுக்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஆட்களோடு வண்டி 1,600 கிலோ என்று வையுங்கள். உருள்தடைக் கெழு (வண்டியின் எடையில் எத்தனை பங்கு பலம் டயரை உருட்டவே போகிறது என்ற எண்) நல்ல டயரில் 0.008, சுமாரான டயரில் 0.011. முதலாவதற்கு வண்டியைத் தள்ள 126 நியூட்டன் வேண்டும், இரண்டாவதற்கு 173. கிலோமீட்டர் கணக்கில் மாற்றினால் 35 வாட்-மணி, 48 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). வித்தியாசம் 13. நம்மவர் முன்பு யூனிட்டுக்கு 7.2 ஓட்டினார் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மொத்தமே 139 வாட்-மணி. அதில் 13 என்பது 9 சதவீதம். பெட்ரோல் வண்டியில் இதே 13 கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே எரிவதில் முக்கால்வாசி சூடாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுகிறது. மின்சார வண்டியில் வீணாவது குறைவு என்பதால் டயர் செய்கிற திருட்டு உடனே தெரிந்துவிடும்.

காற்றுத் தடையைப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுமார் 16 வாட்-மணி, 80-இல் 65, 100-இல் 100. ஆக கோரிப்பாளையம், சிம்மக்கல் என்று ஊருக்குள் ஊர்கிறவருக்கு டயர்தான் பெரிய செலவு, திருச்சி ரோட்டில் 100-இல் போகிறவருக்குக் காற்றுதான் பெரிய செலவு. ரிம்மின் உருவம் இந்த இரண்டாவதில்தான் வருகிறது. வண்டியின் காற்றுத் தடையில் கால் பங்கு வரை சக்கரங்களும் சக்கரக் குழிகளும் தருவது. கம்பி கம்பியாகத் திறந்த அலாய் மின்விசிறி மாதிரி காற்றைக் கடையும். டெஸ்லா மாடல் 3-இல் ரிம்மின் மேல் தட்டையாக ஒரு மூடி வருவது அதனால்தான். பிரேக்கைக் குளிர வைக்கத் திறப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள், பாதி வேகத்தை மோட்டாரே வாங்கிக்கொள்கிற வண்டியில் பிரேக் அவ்வளவு சூடாவதில்லை.

அமெரிக்க அரசு அளவீட்டில் 2021 டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு ஒரே சார்ஜில் 19 இன்ச் சக்கரத்தோடு 396 மைல், 21 இன்ச் சக்கரத்தோடு 348 மைல். வண்டி ஒன்று, பேட்டரி ஒன்று, 12 சதவீதம் போச்சு. அங்கே டயரின் ரகமும் அகலமும் சேர்ந்தே மாறுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆண்டிபட்டி கணவாய்

நான் வாடகைக்கு ஈவி ஓட்டுகிறேன், ஏர்போர்ட்டிலிருந்து தேனி, போடி, கம்பம் என்று தினமும் இந்த ரோடுதான். எல்லாரும் ரப்பரையே பார்க்கிறீர்கள். அண்ணன் எப்போது போனார்? ஆடி மாதம். ஆடிக்காத்து மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். உசிலம்பட்டி தாண்டியதும் ஸ்டியரிங்கே சொல்லும். ஆடியில் ஏறும்போது எனக்கு 6-க்கு மேல் எப்போதும் வந்ததில்லை, கம்பெனி டயரிலேயே.

யானைமலை அடிவாரம்

ஆனால் திரும்பி வரும்போது அதே காத்து பின்னாலிருந்து தள்ளுமே தம்பி, கழிந்துவிடாதா?

திருநகர் வாத்தியார்

கழியாது. நீங்கள் 80, எதிர்க்காற்று 30 என்றால் வண்டி 110-இன் காற்றைக் கிழிக்கிறது, தடை 1.9 மடங்கு. திரும்பும்போது 50-இன் காற்று, 0.4 மடங்கு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.14 வரும், 1 வராது. போகும்போது கொடுத்ததை வரும்போது முழுசாக வாங்க முடியாது. கணவாய்த் தம்பி சொன்னது சரியான புள்ளி, எனக்குத் தோன்றவில்லை.

தெப்பக்குளம்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். டியாகோ ஈவி, 175/65 ஆர்14, டயர் எதுவும் மாற்றவில்லை. ஆனால் எனக்கும் இரண்டு மாதமாக ரேஞ்ச் 20 கி.மீ. போல இறங்கிவிட்டது. சர்வீஸில் காட்டியபோது ஓட்டும் விதத்தை மாற்றுங்கள் மேடம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், திடீரென்று போன மாதமா மோசமாக ஓட்ட ஆரம்பித்தேன்?

காளவாசல் டயர் பட்டறை

அக்கா, ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, முன் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று பிடித்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். டயர் உருளாமல் கொஞ்சம் கொஞ்சமாக உரசிக்கொண்டே போகிறது.

தெப்பக்குளம்

அண்ணா, அப்படியேதான் இருக்கிறது! இடது பக்கம் உள்ளோரம் கையில் கீறுகிறது. காமராஜர் சாலையில் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்றில் ராத்திரி நேராக ஏறிவிட்டேன், அது இரண்டு மாதத்துக்கு முன்புதான்.

காளவாசல் டயர் பட்டறை

அதேதான். அலைன்மென்ட்டில் 'டோ' (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பது) பாருங்கள், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பிரிண்ட் கேட்டு வாங்குங்கள், வாயால் சொல்வதை நம்பாதீர்கள். டயரையும் முன்னது பின்னுக்கு மாற்றிவிடுங்கள்.

உசிலம்பட்டி மாப்ள

எனக்கும் ஒரு சந்தேகம். அலாய் கனம் என்கிறார்களே, அதுதான் பெரிய வில்லன் என்று ஒரு வீடியோவில் ஒருத்தர் அடித்துச் சொன்னார்.

யானைமலை அடிவாரம்

அதையும் பார்த்துவிட்டேன் மாப்ள. பேப்பர்கடைத் தராசில் வைத்தேன். பழைய சக்கரம் டயரோடு 19 கிலோ, புதியது 22. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

திருநகர் வாத்தியார்

நாலுக்கும் சேர்த்து 12 கிலோ, அரைச் சிப்பம் அரிசி. சுற்றுகிற எடை என்பதால் வேகம் எடுக்கும்போது அதிகபட்சம் இரட்டிப்பாகக் கணக்கில் வரும், அதாவது ஒரு சிப்பம். நீங்கள் டிக்கியில் ஒரு சிப்பம் போட்டால் ரேஞ்ச் குறைகிறதா? ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த எடை சும்மா கிடக்கும், நிறுத்தும்போது போட்டதில் கொஞ்சத்தை மோட்டார் திருப்பி எடுத்துக்கொள்ளும். வீடியோக்காரருக்கு வில்லன் வேண்டும், வைத்துக்கொள்ளட்டும்.

யானைமலை அடிவாரம்

புரட்டாசி நிலவரம். காத்து ஸ்டிக்கர்படி அடித்து, காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மரத்தில் இலை ஆடாத நாளாகப் பார்த்துத் தேனி போய் வந்தேன். மீட்டர் 80-க்குப் பதில் 77-இல் வைத்து ஓட்டினேன், நிஜத்தில் 80. யூனிட்டுக்கு 6.4 வந்தது. வாத்தியார் கணக்குப்படி 5.4 சதவீதம் கூட்டினால் பழைய 6.75. ஆக நிஜமான இழப்பு 6 சதவீதம் சொச்சம். பதினேழு என்று பதறியது ஆறில் வந்து நிற்கிறது. மிச்சமெல்லாம் மீட்டரும் காத்தும் ஆடியும்.

ஆண்டிபட்டி கணவாய்

ஆறு உங்களுக்குச் சும்மா, எனக்கு அப்படி இல்லை. வருஷம் 60,000 ஓட்டுகிறேன். உங்கள் 7.2-க்கும் 6.75-க்கும் உள்ள வித்தியாசம் என் ஓட்டத்துக்கு 550 யூனிட்டுக்கு மேல் வருகிறது, ரோட்டோரச் சார்ஜரில் யூனிட் 24 ரூபாய் வைத்தால் 13,000 தாண்டும். அதைவிட, கம்பத்திலிருந்து வரும்போது 15 கி.மீ. குறைவு என்றால் நடுவில் ஒரு தடவை செருக வேண்டும், அரை மணி போச்சு, அந்த அரை மணியில் ஒரு ஏர்போர்ட் சவாரி போச்சு. என் வண்டிக்குக் கம்பெனி ரகத்தைத் தவிர வேறு டயர் தொடமாட்டேன், விலை கூட இருந்தாலும்.

யானைமலை அடிவாரம்

நியாயம்தான் தம்பி. நான் வருஷம் 15,000 ஓட்டுகிறவன், வீட்டில் சார்ஜ், யூனிட் 8 ரூபாய் வைத்தால் 1,100 ரூபாய். மகன் முகத்துக்கு அது கொடுக்கலாம்.

காளவாசல் டயர் பட்டறை

அடுத்த தடவை வாங்கும்போது பார்ப்பதற்குச் சொல்லிவைக்கிறேன். ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுவார்களே, அதே பிஇஇ (மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு) டயருக்கும் நட்சத்திரம் கொடுக்கிறது, ஆனால் எல்லா டயரிலும் இருக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஸ்டிக்கர் இருந்தால் இன்னும் நல்லது, அதில் உருள்தடைக்கு ஒரு எழுத்து, ஈரப் பிடிமானத்துக்குத் தனியாக ஒரு எழுத்து இருக்கும். உருள்தடையில் ஏ என்றால் டன்னுக்கு 6.5 கிலோ இழுவைக்குள், ஈ என்றால் 10.6 அல்லது அதற்கு மேல். இரண்டு எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரேஞ்ச் ரேஞ்ச் என்று முதல் எழுத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ஐப்பசி மழையில் பைபாஸ் ரோட்டில் பிரேக் அடித்து வழுக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சுமைக் குறியீடு. டயர் பக்கவாட்டில் 95 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 91 என்றால் 615தான். ரிம் பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால் 215/55 ஆர்17 கேட்டிருக்கலாம், விட்டம் 668, மீட்டர் ஏமாந்திருக்காது. இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் தம்பி.

தெப்பக்குளம்

அலைன்மென்ட் பார்த்தாச்சு, பிரிண்ட்டும் வாங்கியாச்சு, முன்பு சிவப்பில் இருந்தது இப்போது பச்சை. போன 20-இல் 15 கி.மீ. திரும்பி வந்துவிட்டது. ஓட்டும் விதத்தை மாற்றவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

யானைமலை அடிவாரம்

தை நிலவரம். புது டயர் 6,000 கி.மீ. ஓடிவிட்டது, இப்போது மீட்டரில் 6.6 வருகிறது. டயர் பழகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆண்டிபட்டி கணவாய்

டயர் பழகவில்லை அண்ணே, மார்கழி பழகியிருக்கிறது. ஏசி போட்டீர்களா?

யானைமலை அடிவாரம்

...போடவில்லை.

திருநகர் வாத்தியார்

இரண்டும்தான். தடம் தேயத் தேய அமுங்கி எழ வேண்டிய ரப்பர் குறையும், உருள்தடையும் குறையும். அதனால் நீங்கள் முதலிலேயே தேய்ந்த பழைய டயரையும் பளபளவென்ற புது டயரையும் ஒப்பிட்டது கொஞ்சம் அநியாயம், புதிதாகக் கம்பெனி ரகம் போட்டிருந்தாலும் 7.2 உடனே வந்திருக்காது. சித்திரையில் ஏசியோடு ஒரு தடவை ஓட்டிவிட்டு எழுதுங்கள்.

காளவாசல் டயர் பட்டறை

பழைய ரிம்மைப் பேப்பர்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த டயர் தேய்ந்ததும் அதிலேயே நல்ல ரகமாகப் போட்டுத் தருகிறேன்.

யானைமலை அடிவாரம்

போடவில்லை அண்ணே, மொட்டைமாடியில்தான் இருக்கிறது. இரண்டை அடுக்கி மேலே துளசித் தொட்டி வைத்துவிட்டார்கள் வீட்டில், மற்ற இரண்டில் வடகம் காய்கிற தட்டு.

உசிலம்பட்டி மாப்ள

வடகத்துக்கு 16 போதுமா, 17 வேண்டுமா என்று மகனிடம் கேட்டீர்களா?